மதினி ஏற்றிய வேகம்

எங்கள் வீட்டு நடு அறை ஃபேனுக்கு ரெகுலேட்டர் கிடையாது. அது இருந்த சதுர ஓட்டையைக் காலண்டர் அட்டை வைத்து மூடியிருக்கிறோம். மதினி எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு சின்னமனூருக்கு வந்த முதல் கோடையில் நடந்த சம்பவம் அது. எலக்ட்ரீசியனை வரச்சொல்லி, ஸ்டூலில் ஏற்றி நிறுத்திவிட்டுக் கீழே இருந்து விசாரித்தார்.

“இதுல ஏன் அஞ்சோட நிக்கிது?”

“அதான்க்கா கடைசி.”

“யாரு சொன்னது?”

“கம்பெனிக்காரன்தான்.”

“அவெ என்னைக்காவது இங்கன வந்து இந்த வெக்கையில படுத்துப் பாத்தானா?”

எலக்ட்ரீசியன் ரெகுலேட்டரைப் பிடுங்கிவிட்டு வயரை நேராக முறுக்கி இணைத்துவிட்டுப் போனார். அப்பா அன்று இரவு பங்குனி வெயிலின் புழுக்கத்தில் போர்வை கேட்டார். குளிருக்காக இல்லை, மருமகள் காதில் விழட்டும் என்று.

யாராவது ஒரு கோட்டைப் போட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று சொன்னால் மதினிக்கு மூக்கு விடைத்துவிடும். அதற்குக் காரணம் இருந்தது. கூடலூரில் ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, என்ஜினியரிங் காலேஜுக்கு அப்ளிகேஷனும் வாங்கி வைத்திருந்தவரை அவருடைய அப்பா, “படிச்ச வரைக்கும் போதும்த்தா” என்று நிறுத்திவிட்டார். ஆறுதல் பரிசாகக் கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ். பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும் தூரம். அந்தத் தூரம் வரைக்கும்தான் பெண்பிள்ளையின் மூளைக்கு அனுமதி. அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். விசேஷ வீடுகளில் பார்த்தால் பணிவாகக் கும்பிடுவேன். பிறகு வெளியே போய் அவர் செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்து வேறு ஜோடியோடு சேர்த்து வைத்துவிட்டு வருவேன். என் வீரத்தின் எல்லை அவ்வளவுதான்.

அண்ணனுக்கு மேகமலையில் டீ எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் வேலை. சனிக்கிழமை இறங்கி வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவான். குவார்ட்டர்ஸ் ஒரே ஒரு ரூம், அதில் காலை நீட்டிப் படுக்கக்கூட முடியாது, பொம்பளை எப்படி அங்கே இருக்க முடியும் என்பான். எங்கள் அம்மா போய்ச் சேர்ந்திருந்தார். கீழே அப்பாவுக்கும் எனக்கும் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. ஆகவே அந்த ஏற்பாடு எங்கள் மூவருக்கும் மிகவும் வசதியாக இருந்தது. நாலாவது ஆளிடம் யாரும் கேட்கவில்லை.

மதினி சும்மா இருக்கவில்லை. வீட்டின் முன்பக்கம் காலியாகக் கிடந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யத் தொடங்கினார். ஸ்டூடியோக்காரர்கள் கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மதினி வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, டி.வி.டி.யாக்கித் தருவார். 2008 வாக்கில் எங்கள் பக்கம் ஒரு மோகம் வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு பெட்டிக்குள் சுழன்றுகொண்டே வந்து, ரோஜா இதழாக உதிர்ந்து, மறுபடியும் மாலையோடு முளைக்க வேண்டும். அது இல்லாத வீடியோவைக் கல்யாண வீட்டார் வாங்குவதில்லை. மதினியின் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை அரைச் சுற்று சுற்றி, தலைகீழாக நின்றபடி யோசிப்பார். நாம் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால் மீதி அரைச் சுற்று.

அந்த நேரம் பார்த்து அப்பா குண்டு போட்டார்.

“சித்திரை பொறந்ததும் முன்ரூமை உரக்கடைக்காரருக்கு விடப்போறேன். மூட்டை அடுக்க எடம் கேக்குறாக. பொழுதுபோக்குக்குப் பாத்தது போதும்.”

போதும். சொல்லிவிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஒளிந்தேன்.

“பொழுதுபோக்குன்னு யாரு மாமா சொன்னது?” மதினியின் குரல் மெதுவாகத்தான் வந்தது. அதுதான் ஆபத்து. “கம்பத்துல பெரிய ஸ்டூடியோக்காரவுக ஒரு கல்யாணத்தைக் குடுத்துருக்காக. பங்குனிக்குள்ள முடிச்சுக் குடுத்தா வைகாசி முகூர்த்தம் பூராம் எனக்குத்தான்னு சொல்லிருக்காக.”

“அப்ப முடி. அந்த ஆர்டர் வந்தா ரூமு ஒனக்கு. வரலைன்னா உரத்துக்கு.”

இதைத்தான் எங்கள் வீட்டில் நியாயம் என்று சொல்வோம்.

புதுக் கம்ப்யூட்டருக்கு வழியில்லை. மதுரையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம், திரையில் படத்தை வேகமாக ஓடவைக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி மாட்டினோம். மாப்பிள்ளை முக்கால் சுற்று வரை வந்தார். அப்போதுதான் மதினி கார்டின் அட்டைப்பெட்டியை எடுத்து அதில் போட்டிருந்த வேகத்தைப் படித்தார். ஃபேனைப் பார்த்த அதே பார்வை.

“இந்த நம்பரை யாரு தம்பி வச்சது?”

நான் பெட்டியை வாங்கி மேஜைக்கடியில் தள்ளப் பார்த்தேன். நான் அப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கார்டை அதன் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற கிறுக்கர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அதற்கென்றே சாஃப்ட்வேர்களும் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். வாய் அதற்குள், “அதுக்கு ஓவர்கிளாக்கிங்னு பேரு மதினி” என்று சொல்லிவிட்டது. பயந்தால் எனக்கு உண்மை வந்துவிடும். பிறவிக் கோளாறு.

பெண்ணுக்கு வரன் பார்ப்பது மாதிரி அந்த சாஃப்ட்வேரைப் பார்த்தோம்.

முதல் வரன் கார்டோடு வந்த சி.டி.யிலேயே இருந்தது. கம்பெனி மாப்பிள்ளை. கார் டேஷ்போர்டு மாதிரி முள்ளும் வட்டமும் நீல விளக்குமாக ஜொலித்தது. மதினி வேகத்தை ஏற்றும் பட்டையை மௌஸால் தள்ளினார். கொஞ்ச தூரம் போய் நின்றது. இதற்கு மேல் போவது கார்டின் ஆயுளுக்கு நல்லதில்லை என்று ஒரு செய்தி வந்தது.

“நல்லது கெட்டது சொல்ல இன்னொருத்தனா? எங்க வீட்டுலயே ஆளு நெறஞ்சு கெடக்கு,” என்று அதைத் தூக்கிவிட்டார்.

இரண்டாவதை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். அலங்காரம் கிடையாது. கட்டம் கட்டமாக எண்கள், கார்டின் சூட்டைக் காட்டும் கோடு, ஃபேனைக் கூட்டும் வசதி. மறைக்காமல் பேசுகிற, குடும்பத்துக்கு ஏற்ற சாஃப்ட்வேர். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, பழைய நிலைக்குத் திரும்பும் பொத்தான். ஒரு வாரம் அதை வைத்து ஓட்டினார். மாப்பிள்ளை முழுச் சுற்று சுற்றினார். ஆனால் அது கரண்டு கட் காலம். கரண்டு போனால் எங்கள் யு.பி.எஸ். கூவும், வேறொன்றும் செய்யாது. திடீரென்று அணைந்து எழுந்தால் இந்த சாஃப்ட்வேர், நம்மால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று மிரண்டு, வேகத்தைப் பழைய நம்பருக்கே இறக்கிவிடும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

“சத்தம் கேட்டா ஓடிப்போய் ஒளியிது. உங்க ஜாதகமா தம்பி இது?” என்றார் மதினி.

“எச்சரிக்கையா இருக்கு மதினி. நல்ல குணந்தான?”

“நல்ல குணத்தை வச்சு மாப்பிள்ளையைச் சுத்தவிட முடியலையே!”

மூன்றாவதைப் பற்றி நான் வாயைத் திறக்கவேயில்லை. மதினியே என் சென்டருக்கு வந்து உட்கார்ந்து கண்டுபிடித்தார். அதற்குப் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. புது வேகத்தை அது கார்டின் உள்ளேயே எழுதிவிடும். பிறகு கரண்டு போனாலும் வந்தாலும் கார்டுக்கு அதுதான் பிறவி வேகம். பக்கம் முழுக்கச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைகள். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

“எழுதும்போது கரண்டு போனா கார்டு செத்துப்போகும்னு போட்டிருக்கு.”

“சரி.”

“சூடு கூடுனாலும் செத்துப்போகுமாம்.”

“இதை எழுதிப் போட்டவெ செத்தானா?”

“மதினி, வெளையாட்டு இல்ல. ரூமு போயிரும்.”

“இப்ப மட்டும் ரூமு என் கையிலயா இருக்கு?” சத்தம் கூடியது. ஈமெயில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். “கரண்டு போகாத எடம், சூடு இல்லாத எடம். அம்புட்டுத்தான வேணும்? உங்கண்ணன் இருக்குற எடத்துல ரெண்டுமே இருக்கு. அங்கன டீ ஃபேக்டரி லைன்ல கரண்டே போறதில்லைன்னு அவுகதான் பெருமை பேசுவாக. நாளைக்கு மேல போறோம்.”

இந்த முடிவை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் எடுத்திருக்க முடியாது. வேறு யாருக்கும் வீட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஊட்டிக் குளிர் தெரியாது.

சி.பி.யு.வைப் போர்வையில் சுற்றி மதினி மடியில் வைத்துக்கொண்டார். பழைய குண்டு மானிட்டர் என் மடியில். கல்யாண வீட்டு அண்டா மாதிரி அதை அணைத்தபடி மலை ஏறினேன். அந்தக் காலத்து மேகமலை ரோட்டுக்கு, ரோடு என்ற சொல் எந்தப் பொறுப்பும் ஏற்காது. ஜீப் குதிக்கும்போதெல்லாம் மானிட்டர் என் தாடையில் இடித்தது. செக்போஸ்ட்டில் காவலர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டரா? மேல எதுக்கு?”

“கீழ வேக்காடு சார். அதுக்குக் காத்து வாங்கணுமாம்,” என்றேன்.

காவலர் மதினியின் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் குறுக்குக் கட்டையைத் தூக்கினார்.

அண்ணனுக்கு நாங்கள் வருவது தெரியாது. அவன் வெளியே போயிருந்த நேரம், ஆபீஸிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸைத் திறந்தோம். முன்னால் ஒரு ரூம். அதை ஒட்டி அடுப்படி. அதற்குப் பின்னால், ஜன்னல் வழியாகத் தேயிலைச் சரிவு தெரிய, இன்னொரு ரூம். பெரிய ரூம். நடுவில் ஒரு கேரம்போர்டு, சுற்றி நாலு நாற்காலி, ஜன்னல் விளிம்பில் பவுடர் டப்பா.

மதினி அந்த வாசலிலேயே நின்றார். கத்துவார் என்று நான் காதைத் தயார் செய்துகொண்டேன். கத்தவில்லை. மூச்சிரைக்க ஓடிவந்த அண்ணனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

“ஒரு ரூம்னு சொன்னீக?”

“இல்ல… இது ஸ்டோர் ரூம் மாதிரி. பயலுக சாயங்காலம் வந்து…”

“யாரு ஜெயிக்கிறது?”

“என்னது?”

“கேரம்ல.”

அண்ணன் பவுடர் டப்பாவை எடுத்து மூடினான். அன்றைக்கு அவனைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில், நாலு காய்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சிவப்பையும் சேர்த்து.

மதினி மானிட்டரைக் கேரம்போர்டு மேலேயே வைக்கச் சொன்னார். ஜன்னலைத் திறந்துவிட்டார். மேகம் உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. புது வேகத்தைக் கணக்குப் போட்டு, கறுப்புத் திரையில் தட்டினார். எழுதிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் நான் பல்பையே பார்த்துக்கொண்டு தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். எழுதி முடித்தது. ஓட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை பம்பரமாகச் சுற்றினார். இன்னும் கொஞ்சம் ஏற்றி எழுதினார். தாங்கியது. அதற்கும் மேலே ஏற்றினார். அன்றைக்கு அவர் ஏற்றியது கார்டின் வேகத்தை மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எல்லாவற்றையும் இறக்கிச் சின்னமனூர் கொண்டுவந்து மாட்டினோம். சுவிட்சைப் போட்டதும் மாப்பிள்ளை முகத்தில் பச்சைக் கட்டங்கள் முளைத்தன. பெண்ணின் கழுத்தில் மாலைக்குப் பதிலாக ஒரு ஊதாப் பட்டை. பிறகு திரை முழுக்கப் புள்ளி. பிறகு இருட்டு. மறுபடி போட்டால் மறுபடி புள்ளி. ஃபேனைத் திருப்பி வைத்தோம், மூடியைக் கழற்றினோம், ஈரச் சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டோம். அசையவில்லை.

“ஐயோ மதினி, செத்துருச்சு!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தது கேசட்டுகளின் மேல் என்பதால் மறுபடி எழுந்து நின்று அலறினேன்.

“சாகல. வாயை மூடுங்க.” மதினி கார்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினார். “மேல குளுருல வச்சு அளவெடுத்தோம்ல. இங்க இருக்குற சூட்டுக்கு அந்த அளவு சேரல.”

இவ்வளவு நேரான விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் மலைமேல் தோன்றவில்லை. குளிரில் தைத்த சட்டை.

“அப்ப மேல கொண்டுபோனா எந்திரிச்சுக்கும். பழைய வேகத்தையே திருப்பி எழுதி இறக்கிட்டு வந்துருவோம். பத்து நிமிச வேலை மதினி.”

“பழைய வேகத்துல பங்குனிக்குள்ள முடியாது.”

“பின்ன?”

மதினி கழற்றிய மூடியை எடுத்துத் திருகினார். மறுநாள் மறுபடி ஜீப். இந்த முறை சி.பி.யு., மானிட்டரோடு இரண்டு பைகளும் இருந்தன. ஒன்றைத் தூக்கினேன். கனத்தது.

“இதுல என்ன மதினி?”

“குக்கர்.”

“கம்ப்யூட்டருக்கு எதுக்குக் குக்கர்?”

“பேசாம ஏறுங்க கொழுந்தனாரே!”

மேலே போனதும் கார்டு எழுந்துகொண்டது. மதினி பழைய வேகத்தை எழுதவில்லை. கல்யாணத்தைத் திறந்து வேலையைத் தொடங்கினார். நான் வெறுங்கையோடு இறங்கினேன். பங்குனி முடியும் முன்னே டி.வி.டி. எஸ்டேட் ஜீப்பில் வந்தது. கொண்டுபோய்க் கம்பத்தில் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு வைகாசிக் கேசட்டுகளுக்குச் சரி என்றார். அப்பா வாக்கு மாறாதவர். உரக்கடைக்காரரிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டு, ரூம் மருமகளுக்குத்தான், வரச்சொல் என்று ஆள் அனுப்பினார். மருமகள் வரவில்லை. இரண்டாவது ஆளும் தனியாகத் திரும்பினார்.

நானும் அப்பாவும் ஹோட்டல் புரோட்டாவில் ஜீவித்தோம். சித்திரை பாதியில் அப்பாவின் வயிறு ஒத்துழைக்க மறுத்தது. “வாடா, நானே போய்க் கூட்டியாறேன்” என்று கிளம்பினார். வளைவுக்கு வளைவு ஜீப்பை நிறுத்தி வாந்தி எடுத்துக்கொண்டே, ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்தபடி மருமகளைத் திட்டினார். போய்ச் சேரும்போது இரண்டுமே தீர்ந்திருந்தன.

மதினி பின் ரூமில் கேரம்போர்டு முன்னால் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். திரையில் யாரோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் விசில் அடித்தது. அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

“ஏத்தா, ரூமு ஒனக்குத்தான்னு சொல்லி விட்டேன்ல? கெளம்பு.”

“அந்த மிஷின் கீழ ஓடாது மாமா.”

“ஓடாதா? மிஷின்ல என்ன மேல ஓடுறது, கீழ ஓடுறது?” அப்பா அண்ணனைப் பார்த்தார். அவன் வெங்காயத்தைப் பார்த்தான். ஆகவே என் பக்கம் திரும்பினார். “ஏலே, கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கவெ நீதான. நெசமா ஓடாதா?”

பத்து நிமிஷ வேலை. பழைய வேகத்தை எழுதினால் கீழே நன்றாக ஓடும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மதினிக்குத் தெரியும். மௌஸில் இருந்த அவர் கை நின்றுவிட்டது. என் கண்முன் அந்த ஹோட்டல் சால்னா வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் இன்று ராத்திரியே எனக்குச் சோறு. பயந்தால் உண்மை வந்துவிடும் வாய், அன்றைக்கு மட்டும் ஏனோ பல்லைக் கடித்துக்கொண்டது.

“ஓடாதுப்பா,” என்றேன். “கீழ இருக்குற சூட்டுக்குத் தாங்காது.”

“அந்தச் சூட்டுலதானடா நாம பூராம் இருக்கோம்!” அப்பா கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“நீங்க இருந்துக்கங்க மாமா,” என்றார் மதினி. மௌஸ் மறுபடி நகர்ந்தது.